ஒசாகாவில் ஜப்பானிய மொழி படிக்க வந்தவர்களுக்கு வார இறுதிப் பயணங்கள்

திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஷூமாட்சு வா நானி ஓ ஷிமாஷிடா கா?" வார இறுதியில் என்ன செய்தீர்கள்? ஒசாகாவுக்கு வந்த புதிதில் மூன்று வாரம் தொடர்ந்து நான் சொன்ன பதில் ஒன்றேதான்: துணி துவைத்தேன், தூங்கினேன். நான்காவது சனிக்கிழமை மினோ அருவிக்குப் போனேன். திங்களன்று ஆறு வாக்கியம் பேசினேன். எந்த ரயில், எத்தனை நிமிடம், என்ன பார்த்தேன், என்ன சாப்பிட்டேன், யாரிடம் வழி கேட்டேன், திரும்பி வரும்போது எப்படி இருந்தது. பாடப் புத்தகத்தின் முதல் பத்துப் பாடமும் அந்த ஆறு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டியில் இடங்களை நான் அழகை வைத்து வரிசைப்படுத்தவில்லை. அந்த வாரம் வகுப்பில் என்ன படித்தீர்களோ, அதைப் பேசிப் பார்க்க எந்த ஊர் தோதானது என்பதை வைத்துத்தான் வரிசை போட்டிருக்கிறேன். நம் மொழிக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. "கோனோ டென்ஷா வா நாரா நி இகிமாசு கா?" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். கோனோ என்றால் இந்த. டென்ஷா ரயில். நாரா நி என்றால் நாராவுக்கு. இகிமாசு போகும். கா என்பது நம்முடைய ஆ. இந்த ரயில் நாராவுக்குப் போகுமா? எழுவாய்க்குப் பின் வருகிற வா ஒன்றைத் தவிர, சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வகுப்பில் மற்ற நாட்டு மாணவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு அந்த வேலையே இல்லை. ரயில் நிலையத்தில் தயங்காமல் வாயைத் திறக்க இது ஒன்று போதும்.

கிளம்பும் முன்

முதலில் ஆவணம். உங்கள் ஸாய்ரியூ கார்டை, அதாவது வசிப்பிட அட்டையை, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இது சட்டம். அட்டை கையில் இருந்தால் பாஸ்போர்ட்டைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை, அது அறையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

அடுத்தது நேரம். மாணவர் விசாவில் பகுதிநேர வேலைக்கு அனுமதி வாங்கியவர்கள் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நம்மில் பலருக்கு அந்த 28 மணியில் பெரும்பகுதி சனி, ஞாயிறில்தான் போகும். ஆகவே மாதத்தில் இரண்டு நாள் மட்டும் பயணத்துக்கு என்று முடிவு செய்யுங்கள். அடுத்த மாத ஷிஃப்ட் விருப்பத்தை எழுதிக் கொடுக்கும்போதே அந்த இரண்டு தேதிகளையும் விட்டுவிட்டு எழுதுங்கள். கடைசி நேரத்தில் விடுப்புக் கேட்பது அங்கே நல்ல பெயரைத் தராது. அப்புறம், ஞாயிறு இரவு தாமதமாகத் திரும்பி, திங்கள் வகுப்பைத் தவறவிடுகிற மாதிரி எந்தப் பயணமும் வேண்டாம். வருகைப் பதிவு குறைந்தால் விசா நீட்டிப்பின்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் எப்போதும் சனிக்கிழமையில்தான் போவேன். ஞாயிறு துணிக்கும் வீட்டுப்பாடத்துக்கும்.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறில் நடக்கும். அதற்கு முந்தைய மூன்று வாரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

பணத்துக்கு நான் வைத்திருந்த கணக்கு, ஒரு நாளைக்கு 3000 யென். போக வர 1500, சாப்பாட்டுக்கு 800, மிச்சம் நுழைவுக் கட்டணத்துக்கு. ஒரு உறையில் நோட்டாகவே போட்டு எடுத்துக்கொண்டு போவேன். சின்னக் கோயில்களிலும் மலைப்பாதைக் கடைகளிலும் இன்னும் ரொக்கம்தான் செல்லும்.

சலுகைச் சீட்டுகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெருமையாகக் காட்டுகிற ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய காலச் சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கானது. மாணவர் விசாவில் இருக்கிற நமக்கு அது கிடைக்காது. ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனங்களில் ஒன்றான ஜே.ஆர். வெஸ்ட், ஒசாகாவைச் சுற்றியுள்ள கான்சாய் பகுதிக்கு விற்கிற பாஸும் அப்படித்தான். மாணவர் சலுகைச் சான்றான "காகுவாரி" இருந்தால், ஒரு வழிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் ஜே.ஆர். பயணத்தில் 20 விழுக்காடு குறையும். ஆனால் எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் அதைத் தரும் தகுதி இல்லை. உங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

நமக்குப் பயன்படுகிறவை வேறு. ஒசாகா மெட்ரோவின் என்ஜாய் எக்கோ கார்டு சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 620 யென்னுக்கு நாள் முழுக்க மெட்ரோவிலும் நகரப் பேருந்திலும் சுற்ற விடும். பள்ளிக்குப் போய்வர மாதாந்திரப் பாஸ், அதாவது டெய்கி, வைத்திருந்தால் அந்தப் பாதையில் இருக்கிற எந்த நிலையத்திலும் சனிக்கிழமையும் இறங்கி ஏறலாம். காசே இல்லாத மாதத்தில் நான் செய்தது அதுதான். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துபோகும் நிலையங்களில் ஒவ்வொன்றாக இறங்கி ஊரைப் பார்த்தேன். பெரிய விடுமுறைக்கு செய்ஷுன் 18 சீட்டு இருக்கிறது. நாடு முழுக்க ஜே.ஆரின் சாதாரண, விரைவு ரயில்களில் தொடர்ந்து 3 நாளோ 5 நாளோ போகலாம். பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. ஆண்டு முழுவதும் விற்க மாட்டார்கள், வசந்தம், கோடை, குளிர்கால விடுமுறைகளை ஒட்டித்தான் விற்பனை.

ரயில் ஏறுவது எப்படி

வந்த முதல் நாளே இகோகா என்கிற பயணக் கட்டண அட்டையை வாங்கிவிடுங்கள். 2000 யென் கொடுத்தால் 500 முன்பணமாகப் போய், 1500 பயணத்துக்கு இருக்கும். கான்சாய் வட்டார வழக்கில் "இகோ கா" என்றால் "போலாமா". பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அட்டையைத் தொடும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கும்.

ஒசாகாவில் ரயில் என்பது ஒரு நிறுவனம் இல்லை. ஜே.ஆர்., ஹான்க்யூ, ஹான்ஷின், கெய்ஹான், கிண்டெட்சு, நான்காய் என்று ஆறு தனித்தனி ரயில் நிறுவனங்கள், அதோடு மெட்ரோ. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று நிறுவனங்கள் போகும். நிலையமும் வேறு, கட்டணமும் வேறு. கியோட்டோவுக்கு ஜே.ஆரில் அரை மணி நேரம்தான். ஹான்க்யூவில் முக்கால் மணி ஆகும், ஆனால் 410 யென்தான், கவாரமாச்சி என்கிற நடு ஊரில் கொண்டுபோய் விடும். வழிகாட்டும் செயலியில் "நோரிகாயே", அதாவது வண்டி மாறுவது, எத்தனை முறை, கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ரயிலின் வகைதான். ஃபுட்சூ என்றால் எல்லா நிலையத்திலும் நிற்கும். காய்சோகு சிலவற்றைத் தாண்டும். ஜே.ஆரின் ஷின்காய்சோகு இன்னும் பலவற்றைத் தாண்டும், ஆனால் சாதாரணக் கட்டணம்தான். மாணவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது, ஒரு மணி நேரத்தில் ஹிமேஜி போய்விடலாம். டொக்கியூ என்பதில்தான் கவனம் வேண்டும். ஜே.ஆரிலும் கிண்டெட்சுவிலும் டொக்கியூவுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். ஹான்க்யூவிலும் ஹான்ஷினிலும் அதே பெயர், கூடுதல் கட்டணம் இல்லை, ஹான்க்யூவில் தனி இருக்கைப் பெட்டி ஒன்றைத் தவிர. சந்தேகம் வந்தால் நடைமேடையில் நிற்கிற ஊழியரிடம் "டொக்கியூகென் கா இரிமாசு கா?" என்று கேளுங்கள். தனிச்சீட்டு தேவைப்படுமா என்று பொருள்.

இன்னொன்று, பிரிந்து போகும் ரயில்கள். ஒசாகாவிலிருந்து தெற்கே போகும் ஜே.ஆர். விரைவு வண்டி ஒன்று ஹினேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி விமான நிலையத்துக்கு, பின்பாதி வகயாமாவுக்கு. ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஒரு தடவை அறிவிப்பைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்து, கடல்மேல் பாலத்தில் போகும்போதுதான் விமான நிலையம் போகிறோம் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ரயிலில் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. அறிவிப்பைக் கேட்பதும் பாடம்தான். "மாமொனாகு, நிபான்சென் நி, டென்ஷா கா மாய்ரிமாசு." சிறிது நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு ரயில் வருகிறது. இதில் கிமாசு என்று சொல்லாமல் மாய்ரிமாசு என்கிறார்களே, அது தன்னைத் தாழ்த்திப் பேசும் பணிவு வடிவம். ஆறு மாதம் கழித்து வகுப்பில் பணிவு மொழி வரும்போது எல்லோரும் தவிப்பார்கள். ரயிலில் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அது முன்பே பழகியிருக்கும்.

அட்டையில் பணம் குறைந்து கதவு மூடிக்கொண்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே செய்சான்கி என்கிற இயந்திரம் இருக்கும், குறைகிற தொகையைக் கட்டிவிட்டு வெளியே வரலாம். வெளியேறும் வழிக்கு எழுதியிருக்கும் "டெகுச்சி" என்பதில் முதல் எழுத்து ஒரு மலையின்மேல் இன்னொரு மலையை வைத்தது போல இருக்கும், இரண்டாவது வெறும் சதுரம், வாய் என்று பொருள். முதல் வாரத்திலேயே படித்துக்கொள்ள வேண்டிய காஞ்சி, அதாவது சீன எழுத்து, இந்த இரண்டும்தான். நிலையப் பெயர்ப் பலகையில் ஹிராகானா என்கிற ஒலியெழுத்திலும் எழுதியிருப்பார்கள், ஆகவே ஹிராகானா தெரிந்த அன்றைக்கே நீங்கள் தனியாகப் பயணம் போகலாம். எஸ்கலேட்டரில் ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம் நிற்பார்கள். டோக்கியோவில் இடப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுகொண்டால் போதும்.

முதல் பயணம் மினோ

முதல் மாதத்தில் "கரா, மாதே", அதாவது இருந்து, வரை, படித்திருப்பீர்கள். "ஒசாகா கரா மினோ மாதே". ஒசாகாவிலிருந்து மினோ வரை. இதற்கு மினோ போதும். ஒசாகாவின் உமேடா நிலையத்தில் ஹான்க்யூ ஏறி, இஷிபாஷி ஹன்டாய்மாயே நிலையத்தில் மாறினால் கடைசி நிலையம். அரை மணி நேரம், கட்டணமும் 300 யென்னுக்குள். நிலையத்திலிருந்து ஓடையை ஒட்டியே முக்கால் மணி நேரம் நடந்தால் 33 மீட்டர் உயர அருவி. செருப்புப் போட்டுக்கொண்டுகூட நடக்கலாம், பாதை அவ்வளவு சீராக இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை.

வழியில் மேப்பிள் இலையை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். மொமிஜி டெம்புரா. இலையை ஓராண்டு உப்பில் ஊறவைத்து, எள் சேர்த்த இனிப்பு மாவில் பொரிப்பது. நம் ஊரில் அச்சுமுறுக்குத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த மொறுமொறுப்பு உடனே பிடித்துவிடும். "தபேதே மிமாசு" என்று சொல்லி வாங்குங்கள். சாப்பிட்டுப் பார்க்கிறேன். இதிலும் பாருங்கள், சாப்பிட்டு என்பது தபேதே, பார்க்கிறேன் என்பது மிமாசு. நாம் கண்ணால் பார்ப்பதையும் செய்து பார்ப்பதையும் ஒரே சொல்லால் சொல்வது போலவே அவர்களும் சொல்கிறார்கள். குரங்குகள் கண்ணில் படலாம். அவற்றுக்குத் தீனி போடத் தடை இருக்கிறது, கையில் இருப்பதைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது நாரா, கொஞ்சம் நிதானமாக

நாராவுக்கு ஜே.ஆரும் போகும், கிண்டெட்சுவும் போகும். கிண்டெட்சுவைத்தான் நான் சொல்வேன். ஒசாகா நம்பாவிலிருந்து காய்சோகு க்யூக்கோ வண்டியில் 40 நிமிடம், 680 யென். இறங்கி 20 நிமிடம் நடந்தால் தோதாய்ஜி கோயில். ஜே.ஆர். நாரா நிலையம் பூங்காவிலிருந்து தள்ளி இருக்கிறது.

காலை 8 மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி போங்கள். 10 மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். காலையில் புல்வெளியில் பனி இருக்கும், மான்கள் இன்னும் படுத்திருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் தொடங்கியிருக்காது. இந்த மான்கள் யாரும் வளர்ப்பவை அல்ல, காட்டு மான்கள்தான். கசுகா கோயில் தெய்வத்தின் தூதர்கள் என்று மக்கள் நம்பிக் காத்துவந்தவை. ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஷிகா செம்பே என்ற பிஸ்கட்டை விற்பார்கள், அதைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். வாங்கியதும் ஒளித்துவைத்து விளையாட்டுக் காட்டினால் கடிக்கும். கொடுத்து முடித்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் விட்டுவிடும். பிளாஸ்டிக் பையைத் தின்று செத்த மான்கள் உண்டு, உங்கள் சாப்பாட்டுப் பையை மூடியே வையுங்கள்.

தோதாய்ஜியில் இருக்கிற வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். இப்போது நாம் பார்க்கிற மண்டபம் 1709-இல் முடிந்தது, தீயில் அழிந்த முதல் மண்டபத்தைவிடச் சிறியது. சிறியது என்று சொன்னால் நம்பவே முடியாது, அவ்வளவு பெரிய மரக்கட்டடம். உள்ளே ஒரு தூணின் அடியில் துளை இருக்கும். புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவு என்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று நுழைந்து வெளியே வருவார்கள்.

நம் வாசகர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. 752-ஆம் ஆண்டு இந்தப் புத்தரின் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்தியாவிலிருந்து சீனா வழியாக 736-இல் ஜப்பானுக்கு வந்தவர் என்று சொல்கிறார்கள். அவர் பிடித்த தூரிகையிலிருந்து கயிறுகள் நீண்டு, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் வரையும் புண்ணியம் எல்லோருக்கும் சேரும் என்று. 760-இல் இந்த நாட்டிலேயே காலமானார். முதன்முறை இதை அறிந்தபோது அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். விசா, விமானம் எதுவும் இல்லாத காலத்தில் இங்கே வந்து, மொழி படித்து, தங்கிவிட்ட ஒருவர்.

நாராவுக்கு உரிய இலக்கணம் "தே மோ ஈ தேசு கா". "ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தேசு கா?" படம் எடுத்தாலும் சரியா, எடுக்கலாமா. கோயிலுக்குக் கோயில் விதி மாறும் என்பதால் உண்மையாகவே கேட்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை கேட்டுவிடுவீர்கள். கோயிலில் கோஷூயின் வாங்கும் வழக்கத்தையும் இங்கே தொடங்கலாம். அதற்கென்று விற்கிற மடிப்புப் புத்தகத்தில் கோயில் பெயரையும் தேதியையும் தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை வைத்துத் தருவார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென். உங்கள் கண் முன்னால் ஒருவர் காஞ்சி எழுதுவதைப் பார்க்கலாம், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. வகுப்பில் கோட்டு வரிசை எதற்கு என்று சலித்துக்கொண்ட எனக்கு அது நாராவில்தான் விளங்கியது.

கியோட்டோவுக்கு எப்போது

எல்லோரும் முதல் வாரத்திலேயே கியோட்டோ ஓடுவார்கள். நான் மூன்றாவது மாதம் வரை பொறுக்கச் சொல்வேன். அங்கே கூட்டம் அதிகம். கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உங்கள் ஜப்பானியம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். போனால் ஃபுஷிமி இனாரிக்கு விடியற்காலையில் போங்கள். இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா தடத்தில் இரண்டாவது நிலையம் இனாரி. ஃபுட்சூ வண்டிதான் அங்கே நிற்கும், காய்சோகு ஏறினால் தாண்டிப் போய்விடுவீர்கள். சிவப்பு வாயில்களுக்கு நடுவே 233 மீட்டர் உயர மலையைச் சுற்றி வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பாதி மலையிலேயே கூட்டம் திரும்பிவிடும், மேலே உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அதே தடத்தில் இன்னும் போனால் உஜி. கையில் ஒரு 10 யென் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற கட்டடம் 1053-இல் கட்டி முடித்த பியோதோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம். குளத்துக்கு எதிர்க்கரையில் நின்று நாணயத்தையும் மண்டபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேநீர்க் கடைகள் ஆற்றங்கரைத் தெரு முழுக்க இருக்கும். கியோட்டோ நகருக்குள் பேருந்தைவிட ரயிலும் நடையும்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கும். பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் பாஸ் இப்போது கிடையாது, சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்தது 1100 யென்.

ஹிமேஜி கோட்டை 1993-இல் ஜப்பானின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பார்த்தே ஆக வேண்டியதுதான். 2026 மார்ச்சிலிருந்து வெளியூர்ப் பெரியவர்களுக்கு நுழைவு 2500 யென் ஆகிவிட்டது, ஆகவே அந்த மாதம் ஒரே பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயாசான், ஆறு மாதம் ஆன பிறகு

எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. நம்பாவிலிருந்து நான்காய் ரயிலில் மலையேறி கொகுராகுபாஷி, அங்கிருந்து ஐந்து நிமிடம் கேபிள் கார், பிறகு பேருந்து. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போக வர ரயிலும் மலைமேல் பேருந்தும் சேர்ந்த சலுகைச் சீட்டை நான்காய் விற்கிறது, அதை வாங்குங்கள். மலைமேல் ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒசாகாவில் அரைக்கைச் சட்டை போதும் என்றால் இங்கே மேலே போட ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

கூகாய் என்ற துறவி 816-இல் அரசரிடம் அனுமதி பெற்று இங்கே மடம் அமைத்தார். சீனாவுக்குப் போய் மந்திர வழிப் பௌத்தத்தையும், வடமொழி எழுதும் சித்தம் என்ற எழுத்தையும் கற்றுவந்தவர். இந்தச் சித்தம் எழுத்துப் படிப்பு ஜப்பானில் வேரூன்றியதால்தான் அவர்களுடைய அகரவரிசை இப்போதைய வடிவத்துக்கு வந்தது. வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். அ, இ, உ, எ, ஒ. பிறகு கா, சா, தா, நா, ஹா, மா, யா, ரா, வா. ஹா என்பது பழங்காலத்தில் பா என்று ஒலித்தது. இப்போது நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசையைச் சொல்லிப் பாருங்கள். அகராதியில் ஒரு சொல்லை எங்கே தேடுவது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒகுனோயின் என்பது மலையின் கல்லறைத் தோட்டம். வானுயர்ந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, இரண்டு பக்கமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். போர்த்தலைவர்களுக்கும் இருக்கிறது, நிறுவனங்கள் தம் தொழிலாளர்களுக்கு எழுப்பியதும் இருக்கிறது, பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்த கல்லும் இருக்கிறது. கடைசியில் வரும் கோபியோபாஷி பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது, குரலும் தாழ வேண்டும். 835-இல் தியானத்தில் அமர்ந்த கூகாய் இன்னும் அப்படியே இருக்கிறார் என்பது நம்பிக்கை. தினமும் இரண்டு வேளை அவருக்கு உணவு எடுத்துப் போகிறார்கள். ஜீவசமாதி பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. 1872-இல் அரசு தடையை நீக்கும் வரை இந்த மலைக்குள் பெண்களை விடவில்லை. ஊரின் நுழைவாயிலில் நியோனின்தோ என்ற சிறிய கூடம் இருக்கும். பெண்கள் அங்கேயே நின்று கும்பிட்டுத் திரும்பினார்கள், மலையின் விளிம்பைச் சுற்றி நடந்தார்கள். பேருந்தில் தாண்டிப் போய்விடாமல் அங்கே இறங்கிப் பாருங்கள்.

ஒரு இரவு தங்க முடிந்தால் ஷுகுபோ, அதாவது கோயில் விடுதி. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடம் தருகின்றன. மலிவு இல்லை, படிப்புக் காலத்தில் ஒரு தடவை போதும். இளம் துறவிகள் பணிவு மொழியில்தான் பேசுவார்கள். அதற்காகத்தான் ஆறு மாதம் ஆகட்டும் என்றேன். காலை ஆறு மணி வழிபாட்டில் உட்கார்ந்து கேளுங்கள், மந்திரங்களுக்கு நடுவே வடமொழிச் சொற்கள் காதில் விழும்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன கோயாசான் ஒரு நிம்மதி. ஷோஜின் ரியோரி என்ற துறவியர் உணவில் மீனும் இறைச்சியும் இல்லை, எள்ளில் செய்த கோமா தோஃபுவும் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபுவும் இருக்கும். மற்ற ஊர்களில் சிக்கல் தாஷி என்கிற சாறுதான். உடோன், மிசோ சூப், காய்கறிக் குழம்பு எல்லாவற்றிலும் காய்ந்த மீனின் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். "நிகு நூகி", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் தருவார்கள். "சகானா நோ தாஷி மோ தபேரரேமாசென்" என்று முழுதாகச் சொல்லுங்கள், மீன் சாறும் சாப்பிட முடியாது என்று.

நான் பெரும்பாலும் கட்டுச்சோறுதான். புளிசாதம் ஒரு நாள் முழுக்கக் கெடாது, ஜப்பானிய அரிசியில் கொஞ்சம் குழைந்தாலும் ருசி போகாது. நகருக்குள் ஓடும் ரயிலில் சாப்பிட மாட்டார்கள், பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குப்பைத் தொட்டி எங்கேயும் கிடைக்காது, ஒரு காலிப் பையைக் கொண்டுபோய்க் குப்பையை அறைக்கே எடுத்து வாருங்கள். பெஞ்சில் பக்கத்தில் ஒசாகாப் பாட்டி யாராவது உட்கார்ந்தால் பேச்சுக் கொடுப்பார். கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டுவார், "அமே ச்சான்" என்பார்கள். மிட்டாயையும் ஓர் ஆள் போலச் செல்லமாகக் கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். வாங்கிக்கொண்டு "ஓகினி" என்று சொல்லுங்கள். வகுப்பில் அரிகாதோ என்றுதான் சொல்லித்தருவார்கள், ஒசாகா நன்றி ஓகினி. அதைக் கேட்டதும் பாட்டியின் முகம் மலரும், அடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு இலவச வகுப்பு.

மழையும் கூட்டமும்

ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரும். புயல் வருகிறது என்றால் முந்தைய நாளே ரயிலை நிறுத்துவதாக அறிவிப்பார்கள், "கெய்காகு உங்க்யூ" என்ற சொல்லைச் செய்தியில் பார்த்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை கோல்டன் வீக் என்கிற தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வணங்கும் ஓபோன், இந்த இரண்டு வாரமும் நாடே பயணத்தில் இருக்கும். செர்ரி மலர் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். கியோட்டோவில் இலை சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. கடைசி ரயிலை ஷூடென் என்பார்கள், நள்ளிரவை ஒட்டி நகரத்தில் போய்விடும், மலையூரில் அதற்கு வெகு முன்பே. கிளம்பும் முன்பே திரும்பும் வண்டியின் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது தொலைந்தால் நிலைய அலுவலகத்திலோ, கோபான் என்கிற சின்னக் காவல் நிலையத்திலோ சொல்லுங்கள், திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு நிறையவே இருக்கிறது. எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, என்ன நிறம் என்று விவரம் கேட்பார்கள்.

திரும்பும் ரயிலில் செய்ய வேண்டியது

உட்கார இடம் கிடைத்ததும் நோட்டை எடுத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள், அன்றைக்கு நடந்ததை மட்டும். அகராதியைப் பார்க்காமல் எழுதுங்கள். தெரியாத சொல்லுக்குத் தமிழில் எழுதி, கீழே கோடு போடுங்கள். ஞாயிறு மாலை அந்தக் கோடுகளை மட்டும் தேடி நிரப்பினால் போதும். வாரத்துக்கு ஐந்தாறு சொல்தான் வரும், ஆனால் அவை உங்களுக்குத் தேவைப்பட்ட சொற்கள். நண்பர்களோடு போவது மகிழ்ச்சிதான். ஆனாலும் மாதத்தில் ஒரு பயணமாவது தனியாகப் போங்கள். இரண்டு தமிழர் சேர்ந்தால் நாள் முழுக்கத் தமிழ்தான் பேசுவோம், அது இயல்பு.

இரண்டாவது பருவத்தில் "இத்தா கோதோ கா அரிமாசு கா" வரும். போனதுண்டா என்று அப்படியே நம் வாக்கியம். ஆசிரியர் ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு வருவார். மினோ, நாரா, உஜி, கோயாசான் என்று நீங்கள் கை தூக்கலாம். அடுத்த கேள்வி எப்படியிருந்தது என்பதாகத்தான் இருக்கும், அந்த நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோக மறக்காதீர்கள். இகோகாவில் 1000 யென்னுக்குக் கீழே இருந்தால் ஞாயிறு இரவே நிரப்பிவிடுங்கள், திங்கள் காலையில் அந்த இயந்திரத்தின் முன்னால் நீண்ட வரிசை நிற்கும்.